அல்ப்ஸ் மலையில் இரண்டு பயணங்கள்

கடந்த கோடையில் சுவிற்சர்லாந்தில் வாழும் எனது பெரியம்மாவின் மகன் வீட்டில் சில நாட்கள் தங்கியிருந்தேன். அங்கு செல்லும் போதெல்லாம் ஏரிக்கரையில் நடப்பதும், கோயிலுக்குப் போய் வருவதும், பழைய நண்பர்களுடன் ஊர் அரசியல் பேசுவதுமாகப் பொழுது கழிவதே வழக்கம். இம்முறை அண்ணனின் மகள் வேறொரு திட்டத்தை வைத்திருந்தாள். அவளும் நண்பர்களுமாக ஒரு குழுவினர் இரண்டு நாட்கள் மலையில் நடக்கப் போகின்றனர் என்றும், "சித்தப்பாவும் அப்பாவும் வரத்தான் வேணும்" என்றும் உறுதியாகக் கூறிவிட்டாள். வாழ்நாளின் பெரும்பகுதியைப் பத்திரிகை அலுவலகக் கதிரையிலேயே கழித்தவன் நான். மறுப்பதற்கு என்னிடம் காரணங்கள் நிறைய இருந்தன. எதுவும் எடுபடவில்லை.

இவ்வாறாகத்தான் ஆளுக்கொரு முதுகுப்பையுடன் நாங்கள் பதினொரு பேர் கண்டர்ஸ்ரெக் என்னும் சிற்றூரிலிருந்து புறப்பட்டு, கெம்மி கணவாயைக் கடந்து, மறுபுறத்திலுள்ள லொய்க்கர்பாட் என்னும் வெந்நீரூற்று நகரை நோக்கி நடக்கலானோம். பேர்ன் மாநிலத்தையும் வலே மாநிலத்தையும் இணைக்கும் பழைய மலைவழி அது. கணவாயின் உயரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,270 மீற்றர். எமது பிதுருதலாகலையின் உயரம் 2,524 மீற்றர் என்பதை நினைத்து முதலில் சற்று அலட்சியமாகவே இருந்தேன். அந்த அலட்சியம் முதலாவது ஏற்றத்துடன் அகன்றுவிட்டது. சுவிஸ் மலைப்பாதைகளில் நாட்டப்பட்டிருக்கும் மஞ்சள் நிற வழிகாட்டிப் பலகைகளில் இத்தனை கிலோமீற்றர் என்று எழுதியிருப்பதில்லை. இத்தனை மணித்தியாலம் என்றே எழுதியிருக்கும். அதன் நியாயம் நடந்து பார்த்தவருக்கே விளங்கும்.

இந்த வழியில் நடக்க நேர்ந்தமையால்தான், நெடுங்காலமாக என் மனதில் கிடந்த இரண்டு வரலாறுகளை ஒன்றாகச் சேர்த்து எழுதத் தோன்றியது. இரண்டும் அல்ப்ஸ் மலைத்தொடரைச் சேர்ந்தவை. இரண்டும் ஏறத்தாழ ஒரே காலத்தவை. இரண்டிலும் மனிதர்கள் கூட்டமாக, முதுகில் சுமையுடன், மலையைக் கடந்தார்கள். ஆனால் ஒன்றை உலகம் கொண்டாடியது. மற்றதை உலகம் அறிய நெடுங்காலம் சென்றது.

முதலாவது, இன்பப் பயணம்.

இங்கிலாந்தைச் சேர்ந்த தொமஸ் குக் என்பவரின் பெயரை அறியாதவர்கள் குறைவு. தளபாடங்கள் செய்யும் தச்சுத் தொழிலைக் கற்றவர்; மதுவிலக்குப் பிரசாரகர். 1841 ஜூலை 5 ஆம் திகதி லெஸ்ரரிலிருந்து லவ்பரோவுக்கு மதுவிலக்கு ஆதரவாளர்கள் சுமார் 500 பேரைத் தலைக்கு ஒரு ஷிலிங் கட்டணத்தில் புகையிரதத்தில் அழைத்துச் சென்றதே அவரது முதல் முயற்சி. அதற்கு 22 ஆண்டுகளின் பின்னர், 1863 ஜூன் மாத இறுதியில், அவர் தமது முதலாவது சுவிற்சர்லாந்துச் சுற்றுலாவை ஆரம்பித்தார். இலண்டனிலிருந்து புறப்பட்ட பெருங்கூட்டம் வழிவழியே பிரிந்து குறைந்துபோக, சிறு குழுவொன்று மட்டும் மூன்று வார காலம் மலைகளூடாகப் பயணத்தைத் தொடர்ந்தது. அவர்கள் விளையாட்டாகத் தமக்கு 'இளைய ஐக்கிய அல்பைன் கழகம்' என்று பெயர் சூட்டிக்கொண்டனர்.

அந்தப் பெயரில் ஒரு கேலி உண்டு. 1857 இல் இலண்டனில் தொடங்கப்பட்ட அல்பைன் கழகம் ஆண்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. பெண்கள் தமக்கெனத் தனிக் கழகம் அமைத்தது 1907 இல்; இரு கழகங்களும் இணைந்தது 1975 இல். ஆனால் 1863 இல் பாதம் வரை தொங்கும் நீண்ட பாவாடைகளுடன் பனியாற்றின் மேலும் கணவாய்களின் மேலும் நடந்த இந்தக் குழுவிலோ பெண்களும் இருந்தார்கள். அவர்களுள் ஒருவர்தான் யோர்க்‌ஷயரின் செல்பி நகரைச் சேர்ந்த ஜெமைமா மொரெல். வங்கி முகாமையாளர் ஒருவரின் மகள். அப்போது வயது 31. அவர் பயணத்தைக் குறிப்பேடாக எழுதி வைத்தார். சமொனி, மார்ரினி, லொய்க்கர்பாட், கெம்மி கணவாய், இன்ரர்லாக்கன், கிரின்டல்வால்ட், சூரியோதயம் காண்பதற்காக ரிகி மலை என்று நீண்டது அவர்களது வழி. ஆளொருவருக்கு ஆன செலவு ஏறத்தாழ 20 பவுண். அந்நாளில் உழைப்பாளி ஒருவர் நினைத்தும் பார்க்க முடியாத தொகை அது.

இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுக்கு இலக்கான இலண்டன் கட்டடமொன்றின் இடிபாடுகளிடையே, தகரப் பெட்டியொன்றினுள் அந்தக் குறிப்பேடு கண்டெடுக்கப்பட்டது. பயணம் நடந்து சரியாக நூறு ஆண்டுகள் நிறைவுற்ற 1963 இல் அது நூலாக வெளிவந்தது. இன்று உலகெங்கும் நடைபெறும் குழுச் சுற்றுலாக்களின் தொடக்கங்களுள் ஒன்றாக அப்பயணம் பேசப்படுகின்றது. தொமஸ் குக் நிறுவனம் 2019 செப்ரெம்பரில் முறிவடைந்து மூடப்பட்டது. ஜெமைமாவின் குறிப்பேடு வாழ்கின்றது.

கண்டர்ஸ்ரெக்கிலிருந்து கணவாய்க்குச் செல்லும் வழியில், 2,060 மீற்றர் உயரத்தில், ஷ்வாறன்பாக் என்னும் பழைய மலைவிடுதி இருக்கின்றது. 18 ஆம் நூற்றாண்டிலிருந்து வழிப்போக்கர்களுக்கு இடமளித்து வரும் விடுதி. ஜெமைமாவின் குழுவினர் எதிர்ப்புறமாக, லொய்க்கர்பாட்டிலிருந்து ஏறி வந்தபோது இதன் வாசலைக் கடந்தே சென்றிருப்பார்கள். நாங்கள் அன்றிரவு அங்கே தங்கினோம்.

மறுநாட் காலையில் டௌபன் ஏரியின் கரையோரமாக நடந்து கணவாயின் விளிம்பை அடைந்தபோது, எங்களுடன் வந்த இளைஞர்களும் ஒரு கணம் பேச்சை நிறுத்திவிட்டார்கள். நிலம் திடீரென முடிந்துவிடுகின்றது. கீழே 900 மீற்றர் ஆழத்தில் லொய்க்கர்பாட் நகரம் தீப்பெட்டிகளை அடுக்கி வைத்ததுபோலத் தெரிகின்றது. அந்தச் செங்குத்தான பாறைச் சுவரில், வளைந்து வளைந்து இறங்குகின்றது பாதை. 1861 இல் பிரெஞ்சுச் சீமாட்டி ஒருவர் கோவேறு கழுதையின் முதுகிலிருந்து வீழ்ந்து இறந்ததும் இவ்விடத்தில்தான். அதன் பின்னர் இப்பாதையில் எவரும் சவாரி செய்தபடி கீழிறங்கக் கூடாதென்று தடை விதிக்கப்பட்டது.

இப்பாதையைப் பாறையில் வெட்டியவர்கள் யார்? 1739 முதல் 1741 வரையான காலத்தில், வெடிமருந்தும் உளியும் கொண்டு இதனை அமைத்தவர்கள் ரிரோல் பிரதேசத்திலிருந்து கூலிக்கு வந்த தொழிலாளர்கள். ரிரோல் இங்கிருந்து கிழக்கே வெகு தொலைவில், ஒஸ்ரியாவின் மலைநாட்டில் உள்ளது. தம் ஊரில் பிழைக்க வழியின்றி, அயலவர் மலைகளில் பாதை வெட்டப் புறப்பட்டு வந்தவர்கள் அவர்கள். ஜெமைமாவின் குழுவினர் ஏறி மகிழ்ந்த வளைவுகள் யாவும் அவர்களது கைவேலையே.

ரிரோல் மக்கள் ஏன் இவ்வாறு வெளியேறினார்கள் என்ற கேள்விதான் என்னை இரண்டாவது பயணத்துக்கு இட்டுச் செல்கின்றது.

மேற்கு ரிரோலிலும், அதனையடுத்த ஃபோறார்ல்பேர்க் பிரதேசத்திலும் தந்தையின் காணி பிள்ளைகள் அனைவருக்கும் சமமாகப் பிரிக்கப்படுவது வழக்கம். நியாயமான வழக்கம்தான். ஆனால் தலைமுறை தலைமுறையாகப் பிரித்ததில், மலைச்சரிவிலிருந்த வயல்கள் ஒரு குடும்பத்தின் வயிற்றை நிரப்பவும் போதாத துண்டுகளாயின. துண்டாடப்பட்ட காணியின் கதை எமது வாசகர்களுக்குப் புதிதன்று. அங்கு அதற்குக் கண்ட தீர்வு கொடியது. கோடைகாலத்தில் உண்ணும் வாய்களைக் குறைப்பதற்காகப் பிள்ளைகளை மலைக்கு அப்பால் வேலைக்கு அனுப்பினார்கள்.

அப்பிள்ளைகளே ஜேர்மன் மொழியில் 'ஷ்வாபன்கின்டர்', அதாவது சுவாபியப் பிள்ளைகள் எனப்பட்டனர். சுவாபியா என்பது பொடன் ஏரிக்கு வடக்கே, இன்றைய தென் ஜேர்மனியிலுள்ள செழிப்பான வேளாண் நிலம். 17 ஆம் நூற்றாண்டிலிருந்து 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை, ரிரோல், ஃபோறார்ல்பேர்க், சுவிற்சர்லாந்தின் கிறவ்புண்டன் ஆகிய இடங்களிலிருந்து ஆண்டுதோறும் பிள்ளைகள் அங்கு சென்றார்கள். 19 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இத்தொகை ஓராண்டுக்கு ஆயிரக்கணக்கில் இருந்தது. பெரும்பாலானோரின் வயது ஆறு அல்லது ஏழிலிருந்து பதினான்கு வரை.

மார்ச் மாத நடுப்பகுதியில், புனித சூசையப்பர் திருநாளையொட்டிப் புறப்படுவார்கள். சமவெளியில் அது இளவேனில். மலையில் அது பனிக்காலம். பாதிரியார் ஒருவரோ வழி தெரிந்த பெரியவர் ஒருவரோ முன்னே நடக்க, பிள்ளைகள் வரிசையாகப் பின்னே செல்வார்கள். தென் ரிரோலிலிருந்து வருவோர் முதலில் றெஷன் கணவாயைக் கடந்து, பின்னர் 1,793 மீற்றர் உயரமான ஆர்ல்பேர்க் கணவாயையும் கடக்க வேண்டும். நாட்கணக்கான நடை. இரவில் களஞ்சியங்களிலும் தொழுவங்களிலும் உறக்கம்.

ஆர்ல்பேர்க் கணவாயின் உச்சியில் சாங்ற் கிறிஸ்ரோப் என்றோர் இடம் உண்டு. 1386 இல் அங்கு வழிப்போக்கர் தங்குமடமொன்று அமைக்கப்பட்டது. அமைத்தவர் ஹைன்றிக் ஃபின்டல்கின்ட். 'ஃபின்டல்கின்ட்' என்றால் கண்டெடுக்கப்பட்ட குழந்தை என்று பொருள். பெற்றோர் எவரெனத் தெரியாமல் வளர்ந்து, பன்றி மேய்த்துப் பிழைத்த மனிதர். கணவாயில் உறைந்து இறந்தவர்களின் உடல்களைக் கண்டு மனம் பொறாமல், சிறுகச் சேர்த்த பணத்தில் அம்மடத்தைக் கட்டத் தொடங்கினார். அங்கிருந்த தேவாலயத்தில் புனித கிறிஸ்தோப்பரின் பெரிய மரச்சிலை ஒன்று இருந்தது. குழந்தையைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடந்தவர் என்று கிறிஸ்தவ மரபு கூறும் புனிதர் அவர், வழிப்பயணிகளின் காவலர்.

அந்த வழியாகச் சென்ற பிள்ளைகள் சிலையிலிருந்து சிறு சிராய்களைச் செதுக்கி எடுத்துத் தம்முடன் வைத்துக்கொள்வார்களாம். வீட்டு நினைவு வாட்டாமலிருக்க அது உதவும் என்பது நம்பிக்கை. எந்த அரச ஆவணத்திலும் இல்லாத ஒரு செய்தியை அந்தச் சிலையின் உடல் சொல்லிக்கொண்டிருந்தது. 1957 இல் ஏற்பட்ட தீயில் அது அழிந்து போயிற்று.

மலையைக் கடந்து சென்ற பிள்ளைகளை றாவன்ஸ்பேர்க், பிரீட்றிக்ஸ்ஹாபன் முதலிய நகரங்களின் சந்தைகள் எதிர்கொண்டன. கமக்காரர்கள் வந்து பார்த்து, விலை பேசிப் பிள்ளைகளை அழைத்துச் செல்வார்கள். பையன்களுக்கு மாடு மேய்க்கும் வேலை. சிறுமிகளுக்கு வீட்டு வேலையும் குழந்தை பார்ப்பதும். நவம்பர் 11, புனித மார்ட்டின் திருநாள் வரை உழைத்தால் உணவும், சிறு தொகைப் பணமும், தலை முதல் கால் வரை புத்தாடையும் கிடைக்கும். விடியற்காலைக் குளிரில் வெறுங்காலுடன் மாடு மேய்த்தவர்கள், அப்போது விழுந்த சாணத்தினுள் கால்களை வைத்துச் சூடேற்றிக்கொண்டார்கள் என்பது அவர்களது நினைவுகளில் திரும்பத் திரும்ப வரும் செய்தி. நல்ல எசமானர்களும் இருந்தார்கள். எவரிடம் அகப்படுவோம் என்பது பிள்ளையின் தலைவிதி.

இதற்குச் சட்டமும் துணைநின்றது. சுவாபியாவின் பெரும்பகுதி வூர்ட்டம்பேர்க் அரசின் கீழ் இருந்தது. உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு அங்கே பள்ளிக் கல்வி கட்டாயம். ஆகவே அவர்களை ஆண்டு முழுவதும் மாடு மேய்க்க விட முடியாது. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு அச்சட்டம் பொருந்தாது. ஆகவே அவர்களே வசதியான கூலிகள். 1908 ஆம் ஆண்டளவில் அமெரிக்கப் பத்திரிகைகள் இதனை அடிமைச் சந்தை என்று எழுதின. 1915 இல் பிரீட்றிக்ஸ்ஹாபன் சந்தை நின்றது. 1921 இல் வெளிநாட்டுப் பிள்ளைகளும் பள்ளி செல்ல வேண்டுமென்று விதிக்கப்பட்ட பின்னரே இவ்வழக்கம் ஏறத்தாழ முற்றுப்பெற்றது. மனிதாபிமானம் முந்நூறு ஆண்டுகளாகச் செய்யாததை, பள்ளி வருகை பற்றிய ஒரு விதி செய்து முடித்தது.

இன்னுமொன்றைச் சொல்ல வேண்டும். 1901 ஜனவரி 3 ஆம் திகதி, அதே சாங்ற் கிறிஸ்ரோப் தங்குமடத்தில் கூடிய நண்பர்கள் சிலர் ஆர்ல்பேர்க் பனிச்சறுக்குக் கழகத்தை ஆரம்பித்தனர். உலகப் புகழ்பெற்ற பனிச்சறுக்குப் பிரதேசம் ஒன்றின் தொடக்கம் அது. அப்போதும் பிள்ளைகள் சந்தைக்குச் சென்றுகொண்டுதான் இருந்தார்கள். 1884 இல் ஆர்ல்பேர்க் புகையிரதச் சுரங்கம் திறக்கப்பட்டு விட்டமையால், அவர்கள் உச்சியில் நடக்கவில்லை; மலையின் வயிற்றினூடாகச் சென்றார்கள். மேலே விளையாட்டு, கீழே கூலிச் சந்தைக்குச் செல்லும் பிள்ளைகள்.

இதனை எழுதுகையில் ஜெமைமாவைக் குற்றவாளியாக்கும் எண்ணம் எனக்கில்லை. அவரைப் போன்றோர் வந்தபடியால்தான் மலைநாட்டில் விடுதிகளும் புகையிரத வழிகளும் பெருகின. வறுமையினால் தன் மக்களை வெளியே அனுப்பிய மலைநாடு, வேலை தேடுவோரை வெளியிலிருந்து வரவழைக்கும் நாடாக மாறியதில் உல்லாசப் பயணத்துக்கும் பங்குண்டு. நான் கேட்பது வேறு கேள்வி. 1863 இன் பயணம் எமக்குத் தெரிந்திருப்பதற்குக் காரணம் ஒரு பெண் எழுதி வைத்தமை. ஆயிரமாயிரம் பிள்ளைகள் நடந்த பயணத்தை யார் எழுதினார்கள்?

ஒருவர் எழுதினார். றெகீனா லாம்பெர்ட் என்பது அவரது பெயர். 1854 இல் ஃபோறார்ல்பேர்க்கின் ஷ்னிஃபிஸ் கிராமத்தில் பிறந்தவர். ஜெமைமா கெம்மியைக் கடந்ததற்கு அடுத்த ஆண்டு, 1864 இல், பத்து வயதுச் சிறுமியாக சுவாபியாவுக்கு வேலைக்குச் சென்றவர். அவரது ஊர் ஆர்ல்பேர்க்குக்கு மேற்கே இருந்தமையால் உயர்ந்த கணவாயைக் கடக்க வேண்டிய துன்பம் அவருக்கு இருக்கவில்லை. ஏனைய அனைத்தும் இருந்தன. முதுமையில் சூரிச் நகரில் வாழ்ந்தபோது அந்த நாட்களை எழுதி வைத்தார். 1942 இல் காலமானார். 1996 இல்தான் அது நூலாயிற்று. ஜெமைமாவின் எழுத்து அச்சேற நூறு ஆண்டுகள் ஆயின. றெகீனாவின் அனுபவம் அச்சேற நூற்று முப்பத்திரண்டு ஆண்டுகள் சென்றன.

ஷ்வாறன்பாக் விடுதியில் தங்கிய இரவில் இக்கதையை நான் குழுவினருக்குச் சொன்னேன். இளைஞர்கள் கவனமாகக் கேட்டார்கள். அவர்களுள் சுவிஸ் பிள்ளைகளும் இருந்தனர். தன் பாட்டனார் சிறுவயதில் கமமொன்றில் கூலிக்கு விடப்பட்டவர் என்று அவர்களுள் ஒருத்தி கூறினாள். சுவிற்சர்லாந்திலும் ஏழைகளின் பிள்ளைகளையும் அநாதைகளையும் அதிகாரிகளே கமங்களில் வேலைக்கு ஒப்படைக்கும் வழக்கம் 20 ஆம் நூற்றாண்டிலும் நெடுங்காலம் நீடித்தது. அதற்காக அரசு மன்னிப்புக் கேட்டது 2013 இல். பாதிக்கப்பட்டோருக்குத் தலா 25,000 பிராங்க் வழங்குவதற்கான சட்டம் நடைமுறைக்கு வந்தது 2017 இல்.

மற்றவர்கள் உறங்கச் சென்ற பின்னரும் அண்ணன் எழுந்திருக்கவில்லை. 1980களில் அகதியாக வந்து, மலையடிவாரத்து விடுதியொன்றின் சமையலறையில் பல ஆண்டுகள் வேலை செய்தவர் அவர். அக்காலத்தில் வந்த எங்கள் இளைஞர்களில் எத்தனையோ பேருக்கு அதுவே வேலை.

"தம்பி, பதின்மூண்டு வரியம் உந்த மலையளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிண்டு கோப்பை கழுவினனான். ஒரு நாள் கூட ஏறிப் பாக்கேல்லை. லீவு நாளிலை நித்திரைதான்" என்றார்.

சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, சிலையின் சிராய் பற்றி மீண்டும் கேட்டார். பின்னர் சொன்னார்: "அம்மா தந்துவிட்ட திருநீற்றுச் சரை ஒண்டு என்னட்டை இருந்தது. பூசினால் முடிஞ்சு போயிடும் எண்டு பூசாமலே வைச்சிருந்தனான்."

அந்தச் சரை இப்போது எங்கே என்று கேட்டேன். வீடு மாறியபோது எங்கோ தவறிவிட்டதாம்.

இவற்றையெல்லாம் எழுதி வையுங்கள் அண்ணை என்றேன். "கோப்பை கழுவினதிலை எழுத என்ன கிடக்கு?" என்று சிரித்தார். றெகீனாவும் எழுபது வயதைத் தாண்டும் வரை அவ்வாறே எண்ணியிருந்தாரோ, யார் கண்டது?

மறுநாள் அந்தச் செங்குத்துப் பாதையில் இறங்குகையில் அண்ணன் எல்லோருக்கும் முன்னே சென்றார். எனது முழங்கால்கள் ஒத்துழைக்காதபடியால் பாதி வழியில் எனது பையையும் அவரே வாங்கிக்கொண்டார். லொய்க்கர்பாட்டை அடைந்ததும் திரும்பி நின்று, தாம் இறங்கிவந்த பாறைச் சுவரை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

உலகின் பல மூலைகளிலிருந்தும் இதனை வாசிக்கும் உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீடுகளிலும் இவரைப் போன்ற ஒருவர் இருப்பார். எல்லைகளைக் கடந்தவர், சமையலறைகளில் நின்றவர், அதிலே எழுத ஒன்றுமில்லை என்று நினைப்பவர். அவர் இருக்கும்போதே கேளுங்கள். சொல்பவற்றைத் திகதியுடனும் ஊர்ப் பெயருடனும் எழுதி வையுங்கள். நான் ஊர் திரும்பிய பின்னர் அண்ணனின் மகள் தொலைபேசியில் பேசினாள். அப்பாவுக்குக் கொப்பியொன்று வாங்கிக் கொடுத்திருக்கிறாளாம். முதல் பக்கத்தில் திகதி மட்டும் எழுதியிருக்கின்றதாம்.